ஒன்பதா, ஐந்தா?

அத்தியாயம் பதினான்கு

மருத்துவப் பரிசோதனைக்கான படிவத்தில் மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றுக்கு வீட்டின் மூத்த மகள் பெரியவள் பதில் சொல்லி மூன்று நாளாகிவிட்டது. பதினேழாவது மட்டும் காலியாகக் கிடந்தது.

'கடந்த ஓராண்டில் உங்கள் கேட்கும் திறனில் ஏதேனும் மாற்றத்தை உணர்ந்தீர்களா?'

கீழே ஆம், இல்லை என்று இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்றைத் தொட்டால் போதும். ஆனால் இன்று மாலை ஆறு மணிக்குள் தொட்டாக வேண்டும். அதற்குப் பிறகு படிவம் தானாகவே மூடிக்கொள்ளும் என்று நீலவால் நேற்றும் ஒரு தடவை நினைவூட்டிவிட்டது.

நீலவாலுக்கு ஊரறிந்த வேறு பெயர் உண்டு. அவர்களுடைய விமானங்களின் வால் நீலம் என்பதால் இந்த வீட்டில் அப்படியே பழகிவிட்டது. ஆறு வருடமாகச் சரக்கு விமானம் ஓட்டும் பெரியவள், அந்தப் பயணிகள் விமான நிறுவனத்துக்கு நான்கு முறை விண்ணப்பித்து நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பியவள். ஐந்தாவது முறை கதவு திறந்தது. போன வாரம் சிமுலேட்டர் தேர்வில் தேறினாள். மிச்சம் இருப்பது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். அது நாளை மறுநாள்.

அதற்குள் அப்பா குடியிருப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பத்தொரு வருடம் என்ஜின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து ஓட்டியதில் இரண்டு காதும் மந்தம். காதுக்கு மெஷின் வாங்கித் தந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். எனவே அவர் பேசினாலும் சரி, அவரிடம் யாராவது பேசினாலும் சரி, மூன்று மாடிக்கும் பொதுச் செய்தி.

"மகள் இனிமே பார்சல் ஓட்ட மாட்டா. ஆளுங்களை ஓட்டப் போறா" என்று அவர் மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது, தெருமுனை சலூன் வரை போய்ச் சேர்ந்திருந்தது.

*

அன்று காலை எட்டரை மணிக்கு, வீட்டிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன விமானத் தளத்தில், பெரியவள் திரும்பும் சரக்கை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது மருந்துப் பெட்டிகளும் டிராக்டர் உதிரிப் பாகங்களும். வரும்போது கோழிக்குஞ்சுகள். பொரித்து ஒரு நாள்கூட ஆகாதவை; பெட்டிக்கு நூறு வீதம் எண்பது பெட்டிகள்.

அது ஒரு காலத்தில் பயணிகள் விமானமாக இருந்ததுதான். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் நீளமான கிடங்கு மாதிரி இருக்கும். முன்னால் ஒரு வலை. வலைக்கு முன்னால் இரண்டு விமானிகள். அவ்வளவுதான்.

துணை விமானி கடைசிப் பெட்டியை வலைக்குள் தள்ளிக் கொக்கியை மாட்டினார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு, அவளுக்கு முப்பத்து மூன்று. பதினைந்து வருடம் வங்கியில் கேஷியராக இருந்தவர், ஒரு நாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். அதனால் தளத்தில் எல்லோருக்கும் அவர் கேஷியர்தான். அவளுக்கு மட்டும் அண்ணன்.

"யப்பா, இன்னிக்கு என்ன கத்து கத்துதுங்க" என்று கேஷியர் காதைப் பொத்திக்கொண்டார். "ஊசியை விட்டுக் குடையற மாதிரி இருக்கு கேப்டன்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். என்ஜின்கள் இன்னும் முடுக்கப்படவில்லை. பெட்டிகளின் காற்றுத் துளைகள் வழியாக மஞ்சள் அலகுகள் திறந்து திறந்து மூடின. நூற்றுக்கணக்கான அலகுகள்.

அவளுக்கு ஒரு மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது மாதிரி. முகத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, இடது காதைப் பெட்டிகளுக்குக் காட்டினாள்.

குழாயையும் யாரோ மூடிவிட்டார்கள்.

போன வருடம் இதே குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனபோது, இறங்கி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் அந்தக் கீச்சொலி தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"என்ன கேப்டன், ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணுமில்ல அண்ணே. கிளம்பலாம்."

*

திரும்பும்போது ஓட்டுவது கேஷியர். ரேடியோ அவளுடைய பொறுப்பு. சொந்த ஊர்த் தளத்தை நெருங்க இருபது நிமிடம் இருக்கையில், கீழே இறங்கச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பெண் குரல் வந்தது. வேகமான, தூக்கம் கெட்ட குரல்.

பெரியவள் 'ஃபைவ் தவுசண்ட்' என்று திருப்பிச் சொன்னாள். ஐந்தாயிரம் அடி. சொல்லிக்கொண்டே உயரத்தைக் குறிக்கும் குமிழைத் திருகி ஐந்தில் வைத்தாள்.

"நைன், கேப்டன்."

கேஷியர் கையை நீட்டி அவள் விரல்களுக்கு மேலேயே குமிழைப் பிடித்துக்கொண்டார். அதே நொடியில் ரேடியோவிலும் அந்தப் பெண் குரல் சீறியது. ஒன்பதாயிரம். ஒன்பதாயிரத்தில் நிற்கவும். கீழே ஏழாயிரத்தில் குறுக்கே விமானம் வருகிறது.

ரேடியோவில் நைனும் ஃபைவும் ஒன்றின் ஜாடையில் ஒன்று இருக்கும். அந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் ஒன்பதை 'நைனர்' என்று இழுத்துச் சொல்லும் வழக்கமே வந்தது. அந்தப் பெண் இன்று இழுத்தாளா இல்லையா என்பது பெரியவளுக்குத் தெரியவில்லை. அவள் காதில் விழுந்தது நடுவில் இருந்த ஓசை மட்டும். தலையும் வாலும் அவளாகப் போட்டுக்கொண்டவை.

"ஒன்பதாயிரம்" என்று சரியாகத் திருப்பிச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. நடுங்காமல் இருக்கத்தானே சம்பளம்.

ஒரு நிமிடம் கழித்து, இரண்டாயிரம் அடி கீழே, மேகத்தை விட்டு ஒரு விமானம் வெளியே வந்து குறுக்கே போனது. வால் நீலம்.

காலை நேர விமானம். எப்படியும் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். இந்நேரம் யாராவது காபிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இறங்கி, என்ஜின்களை நிறுத்தி, இருவரும் ஹெட்செட்டைக் கழற்றினார்கள். பிறகு கேஷியர்தான் பேசினார்.

"நான் ஒண்ணும் பார்க்கல, ஒண்ணும் கேட்கல. நீங்க நிம்மதியா மெடிக்கலுக்குப் போங்க."

"அண்ணே, நான் தப்பாச் சொன்னேன்."

"சொன்னீங்க. உடனே திருத்தியாச்சு. முடிஞ்சுபோச்சு. இதெல்லாம் பெருசு பண்ற விஷயமா?"

"இது எத்தனாவது தடவைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பதில் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினார். பதில் சொல்லாததிலிருந்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

*

தங்கை சின்னவளுக்கு வேலை காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையில். கேட்கும் திறனை அளந்து சொல்பவள். அப்பாவின் காதுதான் தன்னை இந்தப் படிப்புக்குத் தள்ளியது என்று எல்லோரிடமும் சொல்வாள். அப்பா மட்டும் அதை நம்புவதில்லை. மார்க் குறைந்ததால்தான் என்பார்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா சீருடையோடு வந்து நின்றதும் சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, அப்பாவுக்கு ஏதாவதா?"

"எனக்கு. டெஸ்ட் எடு."

"நாளை மறுநாள் அவங்களே எடுப்பாங்களே."

"அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

சின்னவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அக்காவை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் பெரியவளுக்கு முடியவில்லை. கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா என்று தெரியாமலே இரண்டு மூன்று தடவை அழுத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை விரலை ஆட்டினாள். ஏமாற்றாதே என்று அர்த்தம்.

பதினைந்து நிமிடம் கழித்து ஒரு தாள் மேசைக்கு வந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு, இடது காதின் கட்டத்தில் ஒரு இடத்தில் சட்டென்று பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தது.

"வலதுல லேசாத்தான் இறங்கியிருக்கு. இடதுல பாரு, மூவாயிரம் ஹெர்ட்ஸ்ல நாப்பது டெசிபல் குறையுது. நாலாயிரத்துல அறுபது. சத்தத்துலயே கிடந்தா வர்ற பள்ளம் இது. அப்பாவுக்கும் இதே இடத்துலதான் ஆரம்பிச்சுது."

"விதி என்ன சொல்லுது?"

"மூவாயிரத்துல அம்பது வரைக்கும் விடுவாங்க. நாலாயிரத்தைக் கணக்குலயே எடுக்க மாட்டாங்க."

"அப்போ பாஸ்."

"மார்க்குப்படி பாஸ்" என்றாள் சின்னவள். "ஆனா அந்தப் படிவத்துல ஆமான்னு போட்டேன்னா, இரைச்சலுக்கு நடுவுல பேச்சு புரியுதான்னு தனியா ஒரு டெஸ்ட் வைப்பாங்க."

"இல்லன்னு போட்டா?"

"வைக்க மாட்டாங்க."

பெரியவள் எழுந்து மறுபடியும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள். "அதையும் வை."

இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு போனது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'பல்' என்றால் அவள் 'கல்' என்றாள். 'பசி' என்றால் 'படி'. 'சளி' என்றால் 'வழி'. தன்னம்பிக்கையோடு, ஒரு நொடி தயங்காமல், ரேடியோவில் பேசும் அதே குரலில் சொன்னாள். அதுதான் சின்னவளுக்குப் பயமாக இருந்தது. புரியவில்லை என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இருபத்தைந்துக்குப் பதினான்கு.

"இது தேறாது" என்றாள் சின்னவள்.

பெரியவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கேட்டது அவளுக்கே அழகாக இல்லை.

"நான் நீலவால்ல சேர்ந்து வெளியூருக்குப் போயிட்டா அப்பாவை நீ தனியா வச்சுக்கணும். அதானே உனக்குக் கஷ்டம்?"

சின்னவளுக்கு நிச்சயம் ஆகி எட்டு மாதம். மாப்பிள்ளைக்கு வேலை வேறு ஊரில். அக்காவின் வேலை ஒரு வழிக்கு வரட்டும் என்று கல்யாணத் தேதியைத் தள்ளிக்கொண்டே இருப்பவள் அவள்தான்.

"மெஷின் சொல்றதைத்தான் சொன்னேன்" என்றாள். "அதுக்கு அக்கா, அப்பா எல்லாம் கிடையாது."

வாசலில் அடுத்த நோயாளி காத்திருந்தார். சின்னவள் அவரை உள்ளே கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அதுவும் பெரியவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

*

வீட்டுக்கு வந்தால் அப்பா ஒரு புதுப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலு சக்கரம் வைத்த கருப்புப் பெட்டி. விமான நிலையத்தில் விமானிகள் இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி.

"சக்கரம் எப்படி ஓடுது பாரு" என்று கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருட்டிக் காட்டினார். "பஸ்ஸுக்கு இப்படிச் சக்கரம் கொடுத்திருந்தா நான் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன்."

"அப்பா, உட்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன?"

"விஷயம் சொல்லணும்."

"விசேஷமா? யாருக்கு?"

பெரியவள் எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். வாசல் கதவையும் சாத்தினாள். பிறகு அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, அவர் வாயசைவைப் படிக்கும்படி நிதானமாகச் சொன்னாள். காலையில் நடந்தது, தங்கை எடுத்த டெஸ்ட், பதினேழாவது கேள்வி, எல்லாம். பாதியில் சின்னவளும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இந்த முகம்? இல்லன்னு போட்டுட்டு வேலையைப் பாரு."

"அப்பா."

"எனக்குக் காது போக ஆரம்பிச்ச பிறகு ஆறு வருஷம் வண்டி ஓட்டினேன். வருஷா வருஷம் மெடிக்கல். ஒருத்தனுக்கும் தெரியாது."

இது இருவருக்குமே புதுச் செய்தி. ஓய்வுக்குப் பிறகு காது போனதாகத்தான் அவர் இத்தனை நாளும் சொல்லியிருந்தார். சின்னவள் கைத்துண்டைக் கீழே வைத்தாள்.

"எப்படித் தெரியாம போகும்?" என்றாள்.

"அதுல இருக்குடி சூட்சுமம்" என்று அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணில் ஒரு ஒளி. "டாக்டர் பேசும்போது வாயைப் பார்க்கணும். கேட்கலன்னா, 'என்ன சார், நீங்களே சொல்லுங்க'ன்னு சிரிக்கணும். வண்டியில விசில் கேட்காது, ஆனா கண்ணாடி இருக்கே. கண்டக்டர் கன்னம் உப்புதான்னு பார்ப்பேன். உப்பினா விசில். எடுத்துருவேன்."

பெரியவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வலது காதிலேயே வைத்துக்கொள்வது. நாலு பேர் உட்கார்ந்தால் இடது ஓரத்து நாற்காலியைப் பிடிப்பது. ரேடியோவில் அடுத்து என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே யோசித்துவைத்து, வருவதை அதற்குள் பொருத்திக்கொள்வது. யாரும் சொல்லித்தராமல் ஒரு வருடமாக அவளும் இதைத்தான் செய்துவருகிறாள்.

"அப்புறம் ஏன் கடைசி வருஷம் டிப்போ வேலைக்கு மாறிக்கிட்டே?" என்று சின்னவள் கேட்டாள். "முட்டி வலின்னு சொன்னியே."

அப்பா பெட்டியின் கைப்பிடியை மேலே இழுத்தார். கீழே தள்ளினார்.

"முட்டியும் வலிச்சுது."

"அப்பா" என்றாள் பெரியவள்.

"ஒரு நாள் கண்ணாடியில வெயில் அடிச்சுது" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. "கன்னம் உப்புன மாதிரி இருந்துது. எடுத்துட்டேன். பின்பக்கம் ஒரு அம்மா இறங்கிட்டு இருந்திருக்கா. ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல."

"என்னாச்சு அவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல. கண்டக்டர் தோளைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டான். நல்ல பலசாலி. அடுத்த நாளே டிப்போவுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

"அவர் பிடிக்காம இருந்திருந்தா?"

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. அல்லது கேட்காத மாதிரி இருந்தார். பெட்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினார்.

"நீ இல்லன்னு போடு" என்று சுவரைப் பார்த்தே சொன்னார். "ஆறு வருஷமா நீ தவம் கிடக்கிறே. எத்தனை பேர்கிட்ட சொல்லிட்டேன்."

*

ஐந்தரை மணிக்குப் பெரியவள் மடிக்கணினியைத் திறந்தாள். சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது பக்கமாக.

"மத்தியானம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் பெரியவள்.

"பாதி உண்மைதானே" என்றாள் சின்னவள். "நீ போகப்போறேன்னு தெரிஞ்சதுல இருந்து, அப்பாவை எப்படித் தனியா பார்த்துக்கறதுன்னுதான் யோசிச்சுட்டிருக்கேன். ஆனா அதுக்காக டெஸ்ட் தாள்ல கோட்டை வளைச்சுப் போட மாட்டேன்."

"தெரியும்."

"என்ன போடப்போறே?"

"இன்னிக்கு என் பக்கத்துல கேஷியர் அண்ணன் இருந்தாரு. என் கையைப் பிடிச்சு நிறுத்தினாரு. அங்க போனா பக்கத்துல யார் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. புதுசா வந்த யாராவது, கேப்டன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கலாம்."

அவள் 'ஆம்' என்ற வட்டத்தைத் தொட்டாள். உடனே கீழே ஒரு பெட்டி விரிந்தது. விவரம் எழுதச் சொல்லி. எழுதினாள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும்போது மணி ஐந்து நாற்பத்தொன்று.

அதோடு நிற்கவில்லை. தன் சரக்குக் கம்பெனி மேனேஜருக்கும் இரண்டு பத்தி எழுதினாள். ஒன்பதாயிரத்தை ஐந்தாயிரமாகக் கேட்டது தான்தான் என்றும், குமிழைத் திருகியது தான்தான் என்றும், இது முதல் தடவை இல்லை என்றும், காது சரியாகப் பார்க்கப்படும் வரை தன்னைப் பறக்கவிட வேண்டாம் என்றும். நீலவால் கிடைக்காமல் போகலாம். கையில் இருக்கும் இந்த வேலையும் போகலாம். இரண்டையும் பத்து நிமிடத்துக்குள் தன் கையாலேயே தள்ளிவிட்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து கூடத்தில் நடந்தாள். உட்கார்ந்தாள். திரும்ப எழுந்தாள்.

சின்னவள் இரண்டு விரலைக் காட்டி, கையை விரித்து, இரண்டு வேலையுமே போகலாம் என்று அப்பாவுக்கு ஜாடையில் சொன்னாள். அப்பாவுக்குப் புரிந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆறு பத்துக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, ஒரே நிமிஷத்துக்கு ரெண்டு கதை?" என்றார். "உன் கோ-பைலட் காலையில பதினொரு மணிக்கே ஒரு ரிப்போர்ட் கொடுத்துட்டுப் போனான். நம்பரைத் தப்பாச் சொன்னது அவனாம். அவன் சொன்னதைக் கேட்டுத்தான் நீ ரேடியோவுல திருப்பிச் சொன்னியாம். இப்ப நீ இப்படி எழுதறே. நான் எதை ஃபைல்ல வைக்க?"

"என்னோடதை சார்."

"அப்போ அவன் பொய் எழுதிக் கொடுத்தான்னு ஆகும். அடுத்த மாசம் அவனை கேப்டன் ஆக்கலாம்னு லிஸ்ட்ல வச்சிருக்கேன். பொய் ரிப்போர்ட் கொடுத்தவனுக்கு நான் எப்படி கேப்டன் தோள்ல மாட்டற நாலு கோட்டுப் பட்டையைக் கொடுக்கறது?"

அவள் தான் எழுதிய இரண்டு பத்தியையும் திரையில் திரும்பப் பார்த்தாள்.

"காலையில கொடுத்ததுல கையெழுத்து விட்டுப்போச்சு. போட்டுட்டுப் போகச் சொல்லி இப்பத்தான் அவனை வரச்சொன்னேன்" என்று சொல்லி மேனேஜர் வைத்துவிட்டார்.

பெரியவள் கேஷியரைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"அண்ணே, ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நானும் நீலவாலுக்குப் போட்டிருந்தேன் கேப்டன். உங்ககிட்ட சொல்லல. வயசு தாண்டிடுச்சுன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. சரி, ஒருத்தராவது அங்க போய் உட்காரட்டுமேன்னு நினைச்சேன்."

"நான் உண்மையை எழுதி அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"அரை மணி நேரம் ஆச்சு. அவங்களுக்கும், நம்ம மேனேஜருக்கும்."

அவர் லாரிகளை விட்டுத் தள்ளி வந்தார். இரைச்சல் குறைந்தது.

"இப்போ ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன்" என்றார். "கையெழுத்துப் போடச் சொல்லிக் கூப்பிட்டிருக்கார்."

"போடாதீங்க. போட்டா அதுதான் உங்க பேர்ல நிக்கும். நான் வந்து உங்ககூட உள்ள வரேன். அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிடலாம்."

"டீ குடிக்கிறேன்னு சொல்லி இருபது நிமிஷம் ஓட்டலாம். அதுக்கு மேல அவர் விட மாட்டார், கையெழுத்தை வாங்கிட்டுத்தான் கிளம்புவார்."

விமானத் தளத்துக்கு இந்த நேரத்து நெரிசலில் நாற்பது நிமிடம் ஆகும். பெரியவள் கார் சாவியைத் தேடினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சாவி சின்னவளின் கையில் இருந்தது.

"நீ இந்த நிலைமையில ஓட்ட வேணாம்" என்றாள் சின்னவள்.

அறைக் கதவு திறந்தது. அப்பா சட்டை மாற்றி, செருப்பு மாட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்காது. கதவிடுக்கில் மகளின் முகத்தைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

"எங்க போகணும்?"

சின்னவள் வாயைப் பெரிதாக அசைத்து, "ஏர்போர்ட், சரக்குப் பக்கம். இருபது நிமிஷம்" என்றாள்.

"மெயின் ரோட்டுல போனா ஆகாது" என்றார் அப்பா. "பழைய மில் சந்து. அங்க சிக்னலே கிடையாது. சாவியைக் கொடு."

"சாவி கிடையாது. ஓட்டுறது நான். நீ முன்னாடி உட்கார்ந்து கையைக் காட்டு, போதும்."

மூன்று பேரும் படியில் இறங்கி ஓடினார்கள். கார் தெருவுக்குத் திரும்பும்போது பெரியவளின் போன் அதிர்ந்தது. திரையில் நீலவாலின் பெயர். இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பதில்.

அவள் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, நேரத்தைக் கேட்டாள்.

"பதினேழு நிமிஷம் இருக்கு" என்றாள் சின்னவள்.

முன் இருக்கையில் அப்பா இடது கையை நீட்டி மில் சந்து இருக்கும் பக்கம் காட்டினார்.